விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து பார்க்கலாம்

அப்பாவுக்குத் தெரிந்த கடிதம் ஒரே ஒரு மாதிரிதான். மேலே அனுப்புநர், கீழே பெறுநர், நடுவில் பொருள், அப்புறம் வணக்கம். அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை. முகவரி இல்லாமல் அவர் மேஜைக்கு வரும் எதுவும் மொட்டைக் கடுதாசி, நேரே குப்பைக்கூடை. அந்த மனுஷனை ஒரு நெட் கஃபேக்குள் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. காலேஜ் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு, அப்பாவே காசு கொடுத்து நெட்டில் உட்காரவைக்கிறார் என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

காரணம், படம். திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்ரகாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு ராமர் பட்டாபிஷேகம் மாட்டியிருக்கிறது. தஞ்சாவூர்ப் படம். பலா மரச் சட்டம், தங்க ரேக்கு, சிவப்பும் பச்சையுமாகக் கல். முன்னோர் யாரோ தஞ்சாவூரிலிருந்து வண்டியில் வைத்துக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். யார் பார்த்தது? ஆனால் அந்தியில் கீழே விளக்கை ஏற்றிவிட்டு இரண்டடி பின்னால் நின்றால் கல்லெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொள்ளும். அதை நானே பார்த்திருக்கிறேன். சாமி கும்பிடாத நானும் அதற்காக நிற்பேன்.

திருநெல்வேலியில் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சித்தப்பா போனில் பேச்சோடு பேச்சாக, "அண்ணா, அந்தப் படத்துல எனக்கும் பங்கு உண்டோன்னோ?" என்று கேட்டுவிட்டார். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம் வந்தார்.

"விக்கறதுக்கு இல்லைடீ. என்ன பெறும்னு தெரிஞ்சுண்டா அவன்கிட்ட மரியாதையா பதில் சொல்லலாம். சாலை பஜார்ல நகைக்கடைக்காரனைக் கேட்டா ஊர் பூரா பரவிடும். நீதான் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்ங்கறியே, அதுல ரகசியமா கேக்க முடியுமா?"

ரகசியமா. அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பொருள்களைப் படம் எடுத்து அனுப்பினால் இலவசமாக மதிப்புச் சொல்லும் ஒரு வெளிநாட்டு இணையதளத்தை நான் கண்டுபிடித்தேன். ஓணத்துக்குப் போட்ட பிலிம் ரோலில் மிச்சம் இருந்தது. கேமராவை எடுத்தேன். "அளவு தெரிய வேண்டாமா?" என்று அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராமருக்குப் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றார். அப்படியே பிரிண்ட் போட்டு, கிழக்கே கோட்டையில் ஒரு நெட் கஃபேயில் ஸ்கேன் செய்து ஏற்றினோம். பிளைவுட் தடுப்புக்குள் ஒருவர் மடியில் ஒருவர் மாதிரி இரண்டு பேர். ராமர் பாதி தெரிவதற்குள் எனக்குக் கொட்டாவி மூன்று.

எழுதும் கட்டம் வந்தது. அப்பா தொண்டையைச் செருமினார்.

"எழுது. ரெஸ்பெக்டட் சார்."

"அப்பா, சும்மா ரெண்டு வரி போதும்."

"ரெண்டு வரியா? அவன் நம்மள மனுஷனா மதிக்கணுமா வேண்டாமா? பேர் போடு. டிசிக்னேஷன் போடு. வீட்டு நம்பர், தெரு, கோவில்லேர்ந்து எத்தனாவது வீடு..."

"அட்ரஸ் போடாதீங்கோன்னு அதுலயே எழுதியிருக்குப்பா. இதோ பாரு, கீழ, சின்ன எழுத்துல."

அப்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அது அவாளுக்கு வேலை குறையறதுக்காகப் போட்டிருக்கான். எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் போடுவோம்."

தடுப்புக்கு வெளியிலிருந்து கடைக்காரர், "மோளே, டைம் ஆவுன்னு" என்று குரல் கொடுத்தார். அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். வேகமாகத் தட்டுவதில் எனக்கு அப்போது ஒரு பந்தா வேறு. கல்யாணத்துக்காக நாங்கள் வெளியூர் போகும் நாள்கள். அந்த நாள்களில் மதிப்பீட்டாளர் யாராவது நேரில் வர விரும்பினால் சிரமம் வேண்டாம். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். அங்கே ஓர் அம்மாள் தனியாக வசிப்பதால் எப்போதும் வீட்டில்தான் இருப்பார். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவரே கதவைத் திறப்பார். அப்போது வந்து பார்க்கலாம். தங்கள் உண்மையுள்ள. பெயர்.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தாத்து மாமி. ஐம்பது வயசு சுமார், மாமா போய்ச் சேர்ந்தாயிற்று, மகன் துபாயில். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஹிந்தி சொல்லிக்கொடுப்பாள். போன் கிடையாது, மகன் எங்கள் வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிடுவான். மாமி வீட்டு வாசல் கதவு பகலில் சாத்தி யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "திருடன் வந்தா எதைத் தூக்கிண்டு போவான்? என் ஹிந்தி புஸ்தகத்தையா? படிச்சுப் பாஸாகட்டும்" என்பாள். எங்கள் தெருவில் யார் வெளியூர் போனாலும் சாவி பக்கத்து வீட்டுக்குப் போகும். சாமி அறை இருட்டாகக் கிடக்கக் கூடாது. எங்கள் சாவி போவது மாமியிடம். எத்தனையோ வருஷமாக அப்படித்தான்.

கல்யாணத்தில் சித்தப்பா என்னைப் பார்த்ததும், "என்னடீ, ராமரை நெட்ல போட்டிருக்கியாமே. பொண்ணு பாக்க யாராவது வந்தாளா?" என்று பந்தலே கேட்கும்படிச் சிரித்தார். அப்பாவே சொல்லியிருக்கிறார். ரகசியம்.

தாலி கட்டியாயிற்று, இலையும் போட்டாயிற்று. நலங்குப் பாட்டு ஆரம்பித்ததும் நான் நைசாக நழுவி, ஜங்ஷன் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். ஒரு கம்பெனி இன்டர்வியூ ரிசல்ட் வர வேண்டியிருந்தது. அது வரவில்லை. வேறொன்று வந்திருந்தது.

அந்த இணையதளத்திலிருந்து அல்ல. யாரோ இலவச மெயிலில் புதிதாக முகவரி உண்டாக்கி அனுப்பியது. சுருக்கமாக இருந்தது. படம் மிகவும் நன்றாக இருக்கிறது. எங்கள் ஆள் உங்கள் ஊரில்தான் இருக்கிறார். நீங்கள் சொன்னபடியே விளக்கு வைக்கும் நேரத்தில் வருவார். நீங்கள் இருக்க வேண்டியதில்லை. சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். யாரிடமும் சொல்லாதீர்கள், விலை கெட்டுவிடும். கடைசியாக ஒரு கேள்வி: அந்த அம்மாளைத் தவிர வேறு யாராவது அந்த நேரத்தில் அங்கே இருப்பார்களா?

வருவதாக எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன். அன்றைக்குத்தான்.

அந்த இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். நாங்கள் அனுப்பியது யாரோ ஒரு நிபுணரின் பெட்டிக்குப் போகவில்லை. எல்லோரும் பார்க்கும் பக்கத்தில், அறிவிப்புப் பலகையில் ஒட்டின மாதிரி, அப்பா வேஷ்டியோடு ராமருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கீழே என் மெயில் முகவரி, எங்கள் வீட்டு நம்பர், கோவிலிலிருந்து எத்தனையாவது வீடு என்பது உட்பட. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்திருக்கிறான்.

மண்டபத்துக்கு ஓடிவந்து அப்பாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்துச் சொன்னேன். முதலில் அவருக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா? முறையா எழுதினா முறையா பதில் வரும்."

"அப்பா, மாமி தனியா இருப்பாளான்னு அவன் எதுக்குக் கேக்கறான்?"

அவர் வாயில் வெற்றிலை இருந்தது. மெல்லுவது நின்றது.

அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு, சித்தப்பாவிடம் ஆபீஸில் அவசரம் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். போகிற வழியில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்கு அடித்தோம். பூட்டிக் கிடக்கிற வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டில் போன் இருக்கிறது. நம்பர்? எங்கள் வீட்டு போனுக்குக் கீழே இருக்கிற டைரியில். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"போலீசுக்குச் சொல்லலாம்ப்பா."

"என்னன்னு சொல்றது? நானே கூப்பிட்ட ஆள் என் வீட்டுக்கு வரான்னா?"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் என்று காலேஜில் எனக்குப் பேர். பூத்காரரிடம் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

திருவனந்தபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஆரல்வாய்மொழி காற்று முகத்தில் அறைந்தது. அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் காற்றாலைகளை எண்ணுவது எனக்குப் பழக்கம். அன்றைக்குக் கண்ணில் ஒன்றும் ஏறவில்லை. மாமிதான் கண்ணுக்குள் வந்தாள். இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கிறாள். பின்னால் ஒருவன் வருகிறான். மாமி அவனை எதற்குச் சந்தேகப்படப்போகிறாள்? "வாங்கோ, உக்காருங்கோ, காபி குடிக்கறேளா?" என்றுதான் கேட்பாள். படம் போனால் போகட்டும் என்று நான் எப்போது நினைக்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நாகர்கோவில் வருவதற்குள் ராமரை நான் மனசுக்குள் அவனுக்கே கொடுத்துவிட்டேன். எடுத்துண்டு போ. மாமி மேல கை வைக்காதே. அது ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா ஒரே ஒரு தடவை பேசினார். "டெஸ்பாட்ச் ஆன கடிதத்தைக்கூட ஆளை அனுப்பித் திரும்ப வாங்கியிருக்கோம். இதுல அப்படி வழி இல்லியா?"

"இல்லைப்பா."

"அழிக்க முடியாதா?"

"அழிச்சாலும் படிச்சவன் படிச்சதுதான்."

அவர் வேஷ்டி நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

நெய்யாற்றின்கரையில் பஸ் டிப்போவுக்குள் போய் நின்றது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, டிப்போவுக்கு எதிரே ஒரு பேக்கரியில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் இப்போதுதான். நான் குதித்து இறங்கிப் பூத்துக்குள் நுழைந்து நம்பரை அழுத்தினேன். இரண்டாவது மணி அடித்தது. மூன்றாவதும் அடித்தது. எடுத்தார்கள்.

"மாமி!" என்று கத்தினேன்.

பதில் இல்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும். அப்புறம் ஓர் ஆண் குரல், ரொம்ப மெதுவாக, "ஹலோ" என்றது.

எங்கள் வீட்டுப் போனில். எங்கள் பூஜை அறைக்கு வெளியே இருக்கும் போனில்.

"யாரு? மாமி எங்க? மாமிகிட்டக் குடு!"

தூரத்தில் மாமியின் குரல் மாதிரி ஏதோ கேட்டது. வார்த்தை புரியவில்லை. பேசுகிறாளா, அழுகிறாளா, கத்துகிறாளா? அதற்குள் வைத்துவிட்டான். மறுபடியும் அடித்தேன். என்கேஜ்ட். மறுபடியும். என்கேஜ்ட். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டான்.

பஸ் ஹாரன் அடித்தது. நான் ஏறியதும் அப்பா என் முகத்தைப் பார்த்தார். சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. பாலராமபுரத்தில் ஏதோ ஊர்வலம், பஸ் நகரவே இல்லை. டிரைவரிடம் போய், "சேட்டா, ஒந்நு வேகம் போகாமோ?" என்று கேட்டேன். "பறக்கணோ மோளே?" என்றார். வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். திரும்பி வந்து உட்கார்ந்து, ஆட்டோவுக்குச் சில்லறையை எண்ணி எடுத்து வைத்துக்கொண்டேன்.

கிழக்கே கோட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். தெருவுக்குள் திரும்பியதும் அப்பா ஆட்டோ நிற்பதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். எங்கள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. மாமி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஆள் சத்தம் இல்லை.

"மாமி!" அப்பா தெருவில் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"எந்தா, தெருவையே எழுப்பறேள்?" கையில் அப்பளக் குழவியோடு மாமி உள்ளேயிருந்து வந்தாள். "கல்யாணம் அதுக்குள்ளயா முடிஞ்சுது? அம்மா எங்கடீ?"

நான் போய் மாமியைக் கட்டிக்கொண்டேன். மாவெல்லாம் என் பட்டுப் பாவாடையில். "சீ, தள்ளு, என்னடீ இது" என்றாள். அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவன் வந்திருந்தான். மாமியே சொன்னாள்.

"நான் கதவைத் திறந்துண்டு உள்ள போறேன், பின்னாலயே வந்தான். நல்ல உடுப்பு. நம்ம பாஷைதான், ஆனா நம்ம ஊர் இல்லை. கையில காகிதம் வச்சிருந்தான். உங்கப்பா பேர், விலாசம், எல்லாம் அச்சடிச்சு கரெக்டா இருந்தது. சாரே வரச்சொன்னார்னான். நானும் அது சரின்னு விட்டேன். வெளில ஒரு வேன் நின்னுது, இன்னொருத்தன் எஞ்சினை நிறுத்தாம உக்காந்திருந்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நான் விளக்கை ஏத்தினேன். அவன் பையிலேர்ந்து ஸ்க்ரூடிரைவரை எடுக்கறான். படத்தை இறக்கணுமாம், வெளிச்சத்துல பாக்க வேனுக்குக் கொண்டு போகணுமாம். நன்னாயிருக்கே கதைன்னேன். விளக்கு வச்சாச்சு. விளக்கு வச்சப்புறம் இந்தாத்துலேர்ந்து ஒரு பிடி உப்பு வெளில போகாது, ராமர் போவாரா? காலம்பற வாங்கோன்னேன்."

"அவன் என்ன பண்ணினான்?"

"கெஞ்சினான். அப்புறம் ஒண்ணும் பேசாம என்னையே பாத்துண்டு நின்னான். அப்பத்தான் ஃபோன் அடிச்சது. என் கையெல்லாம் எண்ணெய், அவனே எடுத்தான். யாருன்னேன். ராங் நம்பராம். அப்புறம் என்னமோ அவசரமா போயிட்டான். ரிசீவரைக்கூட ஒழுங்கா வைக்கலை, மண்டன்."

கெஞ்சினான் என்பதற்கும் போய்விட்டான் என்பதற்கும் நடுவில் அவன் பேசாமல் நின்றானே, அந்த நேரத்தில் அவன் என்ன யோசித்துக்கொண்டிருந்தான்? மாமிக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. நான் போனில் கத்தியது அவனை விரட்டியதா, அல்லது மதிப்பிடத்தான் வந்தானா, இன்றுவரை தெரியாது.

அப்பா எழுந்து நின்று, அலுவலகத்தில் மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, நடந்ததை முழுக்கச் சொன்னார். மாமி கேட்டுக்கொண்டே அப்பளத்தைத் தேய்த்தாள். "அந்தக் கடுதாசில என்னைப் பத்தி என்ன எழுதினேள்?" என்றாள் கடைசியில்.

அப்பா என்னைப் பார்த்தார். நான்தானே தட்டினேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அந்த வரி வந்தது. விழுங்கிவிடலாம் என்று பார்த்தேன். மாமியின் கண் என்மேலேயே இருந்தது.

"ஓர் அம்மாள் தனியா வசிக்கறா. எப்பவும் ஆத்துலதான் இருப்பா."

குழவி நின்றுவிட்டது.

"அதான்" என்றாள் மாமி மெதுவாக. "போறப்ப அவன், 'தனியா இருக்கேள், ஜாக்கிரதையா இருங்கோ மாமி'ன்னான். எப்படித் தெரியும்னு நினைச்சேன். நல்ல பையன்னு நினைச்சேன்."

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்த பிறகுதான் மாமி திரும்பிப் போய் அணைத்தாள்.

மறுநாள் காலையில் அவன் வருவான் என்று அப்பா, நான், எதிர்வீட்டு மாமா எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. போலீசில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நான் அந்த இணையதளத்துக்குக் கெஞ்சி எழுதியதில் எங்கள் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து உண்மையான நிபுணர் ஒருவர் பதிலும் போட்டார்: மதிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம், வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை இனி யாருக்கும் எழுதாதீர்கள். சித்தப்பா போன் செய்து, "என்ன அண்ணா, விலை வந்துதா?" என்றார். "வரலை" என்று அப்பா வைத்துவிட்டார்.

அவன் அச்சடித்துக் கொண்டுவந்த காகிதம் மட்டும் எங்கேயோ இருக்கிறது. அவன் கையில், அல்லது அவன் யாரிடம் கொடுத்தானோ அந்த ஆள் கையில். கோவிலிலிருந்து எத்தனையாவது வீடு என்பது மாறப்போவதில்லை. இப்போது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஊருக்குப் போவதில்லை. தெருவில் வேன் ஏதாவது எஞ்சினை நிறுத்தாமல் நின்றால் நான் ஜன்னலிலிருந்து நம்பரைப் படித்து வைத்துக்கொள்கிறேன்.

மாமி எங்களோடு ஒரு நாளும் சண்டை போடவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அந்த வாரமே சாலை பஜாருக்குப் போய் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கிவந்து, ஆசாரியைக் கூப்பிட்டு வாசல் கதவில் அடித்தாள். ஹிந்தி படிக்க வரும் பிள்ளைகள் இப்போது கதவைத் தட்டி, பெயர் சொல்லி, அப்புறம்தான் உள்ளே போகிறார்கள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தியில் அம்மா படத்துக்கு விளக்கை ஏற்றும்போது அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில், சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்க்கும் சத்தம். படத்துக்கு முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடி நிற்கும் அப்பா, அந்த இரண்டாவது சத்தம் வரும்வரை கண்ணைத் திறப்பதில்லை.